ராகு காலத்தில் ஒரு திறப்பு விழா

பாண்டித்துரைக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது என்பது தென்காசி முழுக்கத் தெரியும். தெரியாதவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார். அரசியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற வாத்தியார். வெறும் நெற்றியைத் தினமும் கண்ணாடியில் பார்த்துக் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்பவர்.

அவரும், கூடப் படித்த மசூதும் சேர்ந்து குற்றாலம் போகும் சாலையில் ஒரு படிப்பகம் கட்டினார்கள். எந்தச் சாமிக்கும் சொந்தமில்லாத, எல்லாரும் வந்து உட்கார்ந்து படிக்கிற இடம். இருவருக்கும் வெகுநாள் கனவு. மசூது தன் வீட்டுப் புத்தகங்களை மொத்தமாக அள்ளிக் கொடுத்துவிட்டார். பாண்டித்துரை திறப்பு விழாப் பேச்சை மனப்பாடமே செய்திருந்தார்: "மதத்தைச் செருப்பு மாதிரி வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள்!" கைதட்டலுக்கு எங்கே நிறுத்துவது என்பது வரைக்கும் ஒத்திகை நடந்தது.

சென்னைப் பேச்சாளர் ஒருவர் குற்றாலச் சாரலில் குளிக்க வருகிற வெள்ளிக்கிழமைதான் விழா. பன்னிரண்டரை மணி என்று பாண்டித்துரையே முடிவுசெய்து, எல்லாருக்கும் போனில் சொல்லியும் விட்டார்.

மசூது நேரில் வந்தார்.

"பாண்டி, அந்நேரம் எனக்கு ஜும்ஆலா. பதினொண்ணுக்கு வையி. தெறந்துட்டு அப்படியே தொழுகைக்குப் போயிருதேன்."

பாண்டித்துரைக்குள் இருந்த வாத்தியார் எழுந்துகொண்டார். "ஏலே, பொதுக்காரியத்துக்கு மதமா நேரம் குறிக்கும்?"

"சரிதான். பதினொண்ணுக்கு என்ன கொறச்சல்?"

"அது... சரிப்படாதுலே. ஆளு வராது."

"ஏன் வராது?"

பாண்டித்துரை வாயைத் திறந்தார். பத்தரை முதல் பன்னிரண்டு என்று நாக்கு நுனிக்கு வந்ததை அப்படியே விழுங்கினார். அவர் காலண்டரைப் பார்க்கவே இல்லை. பார்க்காமலே தெரிந்திருந்தது, அதுதான் கேவலம். ராகு காலம் கழிந்ததும் நேரம் குறித்துவிட்டு, அதற்குப் பொதுநேரம் என்று பெயரும் வைத்திருக்கிறார். ஊருக்குத்தான் உபதேசம்!

மசூது சிரிக்கவில்லை. "நீங்க தெறந்துக்கிடுங்க. நான் சாயங்காலம் வந்து பாத்துக்கிடுதேன்" என்று வண்டியை எடுத்தார். லே போட்டுப் பேசுகிறவன் 'நீங்க' என்றுவிட்டான். மசூது இல்லாமல் திறப்பதைவிடப் படிப்பகம் பூட்டியே கிடக்கலாம் என்று பாண்டித்துரைக்குத் தோன்றியது.

அன்றே எல்லாருக்கும் மறுபடி போன் போட்டார். பதினொரு மணி என்றதும், பகுத்தறிவு பேசும் நண்பர்கள்கூட "ஓ, பதினொண்ணா..." என்று இழுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை பதினொன்றுக்குத் தூறலில் நின்றது இரண்டே பேர், பாண்டித்துரையும் மசூதும். சென்னைப் பேச்சாளருக்கு அருவியில் கூட்டமாம், பன்னிரண்டு தாண்டித்தான் வர முடியுமாம்.

பாண்டித்துரை சாவியைப் போட்டார். அது திரும்பவில்லை.

"அப்பவே நெனச்சேன்!" என்று வாய் தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"என்னத்தலே நெனச்ச?" என்று கேட்டபடி மசூது சாவியை வாங்கி, "பிஸ்மில்லா" என்று முணுமுணுத்துத் திருப்பினார். கதவு திறந்துகொண்டது.

"அப்பாடா, குத்தாலநாதா!" என்றார் பாண்டித்துரை.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். மசூது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, நான் ஒருத்தன் இருக்கேன்லா, பேச்சை ஆரம்பி. அந்தச் செருப்பு வரியச் சொல்லு."

"அதை அடிச்சிட்டேம்லே" என்றார் பாண்டித்துரை. "கழட்டணும்னா, மாட்டியிருக்கது மொதல்ல தெரியணும்லா."