டிப்போ மேனேஜரின் நாற்காலி

பஸ் டிப்போவின் புது மேனேஜர் பொறுப்பேற்ற அன்று காலையில் அவருடைய நாற்காலி அவரைக் கீழே தள்ளிவிட்டது. கால் ஆடும் ஓட்டை நாற்காலி அல்ல; நல்ல மரம், புது மெத்தை. உட்காரப் போனால் மெதுவாக, ஆனால் மறுபேச்சுக்கு இடமில்லாமல், பக்கத்தில் இறக்கிவிட்டது. மெத்தையில் யாரோ அமர்ந்திருப்பதுபோல் எப்போதும் ஒரு குழி இருந்தது. ஸ்டோரிலிருந்து வேறு நாற்காலி வந்தது. மேனேஜர் மேசைக்குப் பின்னால் போட்டதும் அதிலும் குழி விழுந்தது. மெக்கானிக்குகள் இரண்டு நாள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூன்றாம் நாள் பிரேக் வேலை குவிந்ததில் மறந்துபோனார்கள்.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "இதுல என்ன அதிசயம்? அங்க கடவுள் உக்காந்திருக்காரு. நீங்க போய் அவரு மடியில உக்காரப் பாத்தா, தள்ளாம கொஞ்சுவாரா?" கண்டக்டராகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்த மனிதருக்கு இது பொறுக்குமா? "கஷ்டப்பட்டது நானு, உக்கார்றது அவரா?" என்று கத்தினார். மறுநாள் அந்த ஆத்திரத்தை டிப்போவின் தலையில் இறக்கினார். அறையிலிருந்த மற்ற நாற்காலிகளெல்லாம் வெளியே போயின. லீவு கேட்பவரோ, டூட்டி மாற்றக் கேட்பவரோ, யாராக இருந்தாலும் நின்றேதான் பேச வேண்டும்.

அப்படி நின்றவர்களில் ஒருத்தி, ஆறு மாதக் கர்ப்பிணியான கண்டக்டர். "ரெண்டு தடவ தங்கல சார். டிக்கெட் கவுன்ட்டர்ல போடுங்க, உக்காந்து வேல பாக்குறேன். இதையாவது காப்பாத்திக்கிறேன்" என்றாள். "ஆளில்லம்மா. நானே காலையிலேர்ந்து நின்னுட்டுதான் இருக்கேன்" என்றார் மேனேஜர். அவள் மேசையைப் பிடித்தாள், கண் சொருகியது, கைக்கு எட்டியது அந்த நாற்காலிதான். "ஐயோ, அதுல வேணாம்மா, தள்ளிடும்!" என்று அலறிக்கொண்டு ஓடினார். தள்ளவில்லை. மெத்தை அவளுக்கு ஏற்றபடி நெகிழ்ந்துகொடுத்தது. அவள் தலை முதுகுப் பலகைக்கு ஒரு சாண் முன்னாலேயே, ஒன்றுமில்லாத இடத்தில், யாருடைய மார்பிலோ சாய்ந்ததுபோல் சாய்ந்து நின்றது. தண்ணீர் கொடுத்ததும் கண் திறந்தாள். "வயித்துல புள்ள அசையுது சார்" என்றாள். மேனேஜருக்கு வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது. "தப்புதாங்க" என்று நாற்காலியைப் பார்த்துக் கைகூப்பினார்.

அவள் கவுன்ட்டருக்குப் போனாள். அவளுக்குப் பதில் ஆள் வரும்வரை டிக்கெட் பையை மேனேஜரே தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். கூட்டத்தில் யாரோ, "யோவ் கண்டக்டர், வழிய விடுய்யா!" என்று கத்த, வழிவிட்டார். பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது.

அதன்பிறகு குறையோடு வருகிறவர்களை அவர் அந்த நாற்காலியில்தான் உட்காரவைத்தார். பக்கத்தில் நின்று கேட்டு, மேசை ஓரத்தில் குனிந்து கையெழுத்துப் போட்டார். தலைமை அலுவலகத்துப் பெரிய அதிகாரி ஒருவர், வேண்டாமென்று இவர் சொல்லியும் கேளாமல் அதில் உட்கார்ந்து தரையில் விழுந்தார். டீ வாங்கிக்கொடுத்து அனுப்பினார்கள். காலம் ஓடி மேனேஜர் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு வந்தவரிடம் விஷயத்தை மறைக்காமல் சொன்னார். வந்தவர் மெத்தையிலிருந்த குழியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பையை ஓரமாக வைத்தார்.

"சரிங்க. நான் எந்தப் பக்கம் நிக்கணும்?" என்றார்.