கையுறைக்குள் லாடத் துண்டு

ஊரெல்லாம் அப்பம் சுட்டுக் கொண்டாடும் வெண்ணெய் வாரம் பிறந்தால் சவ்வாத்திக்குப் பழைய தோழன் நிக்காந்தரின் ஞாபகம் வந்துவிடும். அந்தக் காலத்துக் கொண்டாட்டமெல்லாம் இந்தக் காலத்துப் பயல்களுக்கு எங்கே தெரியும்? உறைந்துபோன வோல்கா ஆற்றின் மேல் மேலத்தெருவும் கீழத்தெருவும் அணி கட்டிக் குத்துச்சண்டை போடும். மூக்கு உடைந்தவனும் உடைத்தவனும் சாயங்காலம் தோளில் கை போட்டுப் பாடிக்கொண்டு வீடு திரும்புவார்கள். நிக்காந்தர் சிரித்தால் அக்கரைக்குக் கேட்கும்.

அந்தச் சிரிப்பை நிறுத்தியவன் சவ்வாத்திதான். தான் ஆசைப்பட்ட உஸ்தீன்யா தன்னை விட்டுவிட்டு நிக்காந்தரைக் கட்டிக்கொண்டாளே என்ற வயிற்றெரிச்சல். கையுறைக்குள் எதையும் ஒளிக்கக் கூடாது என்பது சண்டையின் தர்மம். இவன் லாடத் துண்டை ஒளித்துவைத்து அடித்தான். விழுந்த நிக்காந்தர் எழுந்திருக்கவில்லை. விளையாட்டில் வந்த விதி என்று ஊர் சொல்லிவிட்டது, போலீசும் தலையாட்டிவிட்டுப் போனது.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவன் நெஞ்சு அதோடு விடாமல் அறுத்தது. வெண்ணெய் வாரத்தின் முடிவில், தவக்காலத்துக்கு முந்தின ஞாயிறன்று ஊரில் எல்லோரும் எல்லோரிடமும் குனிந்து மன்னிப்புக் கேட்பார்கள். எதற்கென்று யாரும் விசாரிப்பதில்லை. கொலைகாரனுக்கு இதைவிட வசதி வேண்டுமா? வருடம் தவறாமல் உஸ்தீன்யா முன் போய்க் குனிவான். கடவுள் மன்னிப்பார் என்பாள். நானும் மன்னித்தேன் என்று மற்றவர்களிடம் சேர்த்துச் சொல்வதை இவனிடம் மட்டும் சொல்லமாட்டாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே கிழவனானான்.

இந்த வருடம் அவள் படுத்த படுக்கையாகிவிட்டாள், தேறமாட்டாள் என்றார்கள். சவ்வாத்தி பதறிக்கொண்டு ஓடினான். கட்டிலருகே மண்டியிட்டான்.

"என் கையுறைக்குள்ள இரும்பு இருந்துச்சு, உஸ்தீன்யா."

"தெரியும். அவர் முகத்துக் காயத்தைக் கழுவிவிட்டது நான்தானே."

அவள் திட்டவுமில்லை, சபிக்கவுமில்லை.

"நீயா வாயைத் திறக்கணும்னுதான் இத்தனை வருஷம் காத்துக்கிட்டிருந்தேன். அவர் கடைசியா என்ன சொன்னாரு? அவருக்கு எதிர்ல நின்னவன் நீதானே."

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதற்கும் துணிவில்லை.

"சீக்கிரம் அடிச்சு முடிடா சவ்வா, உஸ்தீன்யா உனக்கும் சேர்த்துத்தான் அப்பம் சுடறான்னு சிரிச்சான்."



"சுட்டு வெச்சிருந்தேன்," என்றாள். "ரெண்டு பேருக்கும்."

சவ்வாத்தி கட்டில் சட்டத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தான். கேட்க வாய் வரவில்லை.