சைகோன் ஜாடியும் பொடி ஈக்களும்

என் தம்பி பெண்டாட்டி செல்வாம்பாளை யாராவது ஒரு வார்த்தை குறைத்துப் பேசினால் எனக்குக் கோபம் வந்துவிடும். நாத்தனார் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சா என்று சந்து சனம் சிரிக்கட்டும். எனக்கென்ன.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷம் அவள் சைகோனிலிருந்து கப்பலில் வந்தாள். தம்பி கலியபெருமாள் அங்கே துணிக்கடை வைத்திருந்தான். கடையை ஏறக்கட்டிவிட்டு வருகிறேன் என்று இவளை முன்னால் அனுப்பிவிட்டான். சீமைச் சாமான் ஏதாவது கொண்டு வருவாள் என்று பார்த்தால், மடியில் ஒரு கண்ணாடி ஜாடி. உள்ளே தேத்தண்ணி. அதன்மேல் பாலாடை மாதிரி தடித்து, வழவழவென்று ஒன்று மிதந்தது. பக்கத்து வீட்டுச் சீனக்காரம்மா கொடுத்ததாம். சர்க்கரை போட்ட தேத்தண்ணியை ஆறவைத்து இந்த ஆடையை மிதக்க விட்டால், சில நாளில் புளித்துச் சுர்ரென்று குடிக்க வந்துவிடும்.

பிரிகிற அன்று புருஷனும் பெண்டாட்டியும் அந்த ஆடையை உரித்து ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டார்களாம். மறுபடி சேருகிற வரைக்கும் இரண்டு பேரும் அதைச் சாகவிடக் கூடாது. அவன் வருகிற அன்று இவள் தன் ஜாடியிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுக்க வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

எங்கள் வீடோ பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால், அழுகல் பழம் கொட்டுகிற சந்தில். மாம்பழக் காலம் வந்தால் கடுகைவிடச் சின்னதாகப் பொடி ஈ கூட்டம் கூட்டமாகக் கிளம்பும். புளிப்பு வாசனை என்றால் அதற்கு உயிர். அம்மா ஜாடியைத் தண்ணீர்த் தட்டில் வைத்தாள். அது எறும்புக்கான வைத்தியம். ஈ என்ன நடந்தா வருகிறது? நான் கொசுவலைத் துணியைக் கட்டினேன். அதற்குள் குடும்பத்தோடு நுழைந்தன. தட்டைப் போட்டு மூடேன் என்றால், மூச்சு முட்டி ஆடை செத்துவிடும் என்று செல்வாம்பாள் ஒப்பவில்லை.

கடைசியில் என் வீட்டுக்காரர் மில்லிலிருந்து கொண்டுவந்த வெள்ளைத் துணிகளை ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்துப் பார்த்தாள். இருப்பதில் நெருக்கமாக நெய்ததை எடுத்து, இரண்டாக மடித்து, ஜாடியின் கழுத்தில் நூல்கயிறு சுற்றி இறுக்கினாள். வெளியே ஒரு சொட்டு வழிந்தாலும் உடனே துடைப்பாள். ஜன்னல் ஓரம் ஒரு கிண்ணத்தில் பழைய புளிப்புத் தண்ணியை ஊற்றி, சோப்பைக் கரைத்து வைப்பாள். ஈக்கள் கள்ளுக்கடைக்குப் போவது போல ஆசையாகப் போய் அதில் மூழ்கும். வருஷம் போக வருஷம் இதே பாடு. முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. எனக்கு அந்தப் பொறுமை ஏழு ஜென்மத்துக்கும் வராது.

அறுபதாம் வருஷம், மாம்பழக் காலத்தில்தான் தம்பி கப்பல் ஏறிவிட்டதாகத் தகவல் வந்தது. செல்வாம்பாள் காலாப்பட்டில் தன் அண்ணன் மகள் சடங்குக்குப் போயிருந்தாள். அம்மாவுக்கு ஜாடியைப் பார்த்துப் பதறிவிட்டது.

“புருசன் கடல்ல வந்துக்கினு இருக்கான். ஜாடி வாயில வெள்ளத்துணி கட்டி வெச்சிருக்கா பாரு, அமங்கலமா!”

அந்தத் துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, மெல்லிய மல் துணியை மஞ்சளில் முக்கிக் காயவைத்து, பூ முடிகிற மாதிரி அழகாகக் கட்டினாள். கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஈக்கும் வசதியாக இருந்தது.

செல்வாம்பாள் திரும்பி வந்ததும் மஞ்சள் துணியைப் பார்த்தாள். அவிழ்த்தாள். ஆடையின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பொடிப் புழு நெளிந்தது. அம்மாவை ஒரு பிடி பிடிக்கலாம் என்று எழுந்தேன். செல்வாம்பாள் என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“உடு அண்ணி. எனக்கு நல்லது நெனச்சுதான அத்த செஞ்சாங்க.”

“செரி, மேல மெதக்கற ஆடைய உரிச்சிப் போட்டுட்டுத் தண்ணிய வடிகட்டிடு. நாளைக்கு அவன் வந்துடுவான். அவனுக்கு என்னா தெரியப் போவுது?”

“அவரு வாயில ஊத்தறது நானு அண்ணி. புழு வெச்சதக் குடுத்துட்டு அவர் மொகத்த எப்படிப் பாக்கறது?”

ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கத்துக் குப்பைக்குழியில் கவிழ்த்தாள். மண்ணைத் தள்ளி மூடினாள். அம்மாதான் அழுதாள். இவள் ஜாடியை வெந்நீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் கவிழ்த்துவிட்டு, அடுப்படிக்குள் போய் உலை வைத்தாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

மறுநாள் மத்தியானம் மெட்ராசிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினான் தம்பி. பாதி முடி நரைத்திருந்தது. அம்மா ஆரத்தி சுற்றினாள். அவன் பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே செல்வாம்பாள் எதிரில் வந்து நின்றாள்.

“நம்ம ஜாடி போச்சுங்க. ஈ வந்து புழு வெச்சிருச்சு. நேத்துதான் கொட்டினேன்.”

அம்மாவின் பேச்சையே அவள் எடுக்கவில்லை. மஞ்சள் துணி என்று ஒரு வார்த்தை இல்லை.

தம்பி பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டான். அவளை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னான்.

“என்னுது நீ போன மறுமாசமே போச்சு, செல்வா. ஈக்குப் பயந்து மூடிய இறுக்கித் திருகிட்டேன். கறுத்து நாறிப்போச்சு. உன்கிட்ட எப்படிச் சொல்றது? நல்லாருக்கு, நல்லாருக்குன்னே எழுதிக்கினு இருந்தேன். கப்பல்லயும் இதே ரோசனதான்.”

செல்வாம்பாள் இடுப்பில் கைவைத்து அவனையே பார்த்தாள். ஒரு பெண் புருஷனை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. கோபமா, சிரிப்பா, தெரியவில்லை.

“அப்ப இத்தினி வருசமும் நா ஒருத்திதான் ஈ ஓட்டிக்கினு இருந்தனா?”

அவள் கீழே உட்கார்ந்து, அவன் காலிலிருந்த பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். குனிந்த முகத்திலிருந்து கண்ணீர் அந்தப் பூட்ஸ்மேலேயே சொட்டியது. அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.