நேரில் பார்வையிட்ட அறிக்கை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டு நான் எழுதிக் கொடுத்த முப்பத்தொரு அறிக்கைகளில் முப்பது நிஜம். ஒன்று பொய்.

எங்கள் கல்லூரியில் சமூக நீதிப் பாடத்தோடு களப்பணியையும் சேர்த்து ஒரு திட்டம் நடக்கிறது. மாணவர்கள் புதன்கிழமைதோறும் ஏதாவது ஒரு தொழிற்சங்கத்திலோ காப்பகத்திலோ உதவி மையத்திலோ வேலை செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை வகுப்பில் அதைப் பற்றிப் பேச வேண்டும்: யாருக்கு வீடு மறுக்கப்படுகிறது, யார் எழுதியதை எல்லோரும் நம்புகிறார்கள், ஏன். வாரம் ஒரு நாட்குறிப்பு தர வேண்டும். இத்தனையையும் கட்டி மேய்க்கும் ஒருங்கிணைப்பாளர் நான். ஒருத்திதான். துணைக்கு ஒரு பிரிண்டர் உண்டு, அதுவும் மனம் வைத்தால்தான்.

மாணவர் போகும் ஒவ்வோர் இடத்துக்கும் நான் ஒரு முறை நேரில் போய் அறிக்கை எழுத வேண்டும் என்பது விதி. அதோடு, நாம் மட்டும் அவர்களைப் பற்றி எழுதுவது என்ன நியாயம் என்று சண்டை போட்டு, அந்த இடத்துக்காரர்கள் எங்களைப் பற்றி எழுத ஒரு கருத்துப் படிவத்தையும் கொண்டுவந்தேன். அந்தப் படிவத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

கர்வம் இருந்து என்ன பயன்? மூன்றாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. முப்பது இடங்களுக்கு அலைந்து என் வலது முழங்கால் வீங்கிவிட்டது. மிச்சம் ஒன்றே ஒன்று. வாடகை வீட்டிலிருந்து துரத்தப்பட்டவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் உதவி அறை, ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அங்கே நான் போட்டிருந்தது என் அக்கா மகளை. நம் வீட்டுப் பெண்தானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். துறைத் தலைவரோ காலையிலிருந்து மூன்று தடவை, "அறிக்கை என்னாச்சு மேடம்?" என்று கேட்டுவிட்டார்.

மேசையில் உட்கார்ந்தபடியே எழுதினேன். 'பொறுப்பாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. சாம்பல் நிற ஸ்வெட்டரில் ஒரு பொத்தான் இல்லை, ஊக்கு குத்தியிருக்கிறார். சுவர்க் கடிகாரம் பத்து நிமிடம் பின்னால் ஓடுகிறது. மூடி தொலைந்த கெட்டிலின் மேல் ஒரு சாசரைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள்.' துறைத் தலைவருக்கு மனதைத் தொடுகிற மாதிரி இருந்தால் பிடிக்கும் என்பதால், 'இந்த அம்மாவுக்குச் சொந்தம் என்று ஒருவரும் இல்லை' என்றும் சேர்த்தேன். கடைசியில், எல்லா அறிக்கையிலும் நான் வழக்கமாக எழுதும் வரி: 'மாணவி இங்கே அந்த வீட்டுப் பிள்ளையாகவே ஆகிவிட்டார்.'

கையெழுத்துப் போட்டேன். தலைவர் படித்துவிட்டு, "கண்ணு கலங்கிடுச்சு மேடம்" என்றார். எனக்கு வெட்கமாகக்கூட இல்லை.

என் அக்கா தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு எனக்குப் போன் செய்வாள். பாசம் என்று நினைத்துவிட வேண்டாம், திட்டுவதற்கு. துணி எடுத்தாயா, மாத்திரை போட்டாயா, உனக்கெல்லாம் யார் வேலை கொடுத்தது, இப்படிப் போகும். எனக்குக் கல்யாணம் காட்சி என்று எதுவும் ஆகவில்லை, பெற்றவர்களும் இல்லை. என்னைத் திட்ட உலகத்தில் அவள் ஒருத்திதான் பாக்கி. எட்டாவது வாரம் ஒரு நாள் போனை எடுத்ததும் அவள் திட்டவில்லை.

"ஏண்டி, உன் திட்டத்துல சேர்ந்ததுல இருந்து இவ சரியில்லடி."

"என்ன பண்றா? வாலாட்டுறாளா?"

"வாலாட்டுனா நான் ஏன் உனக்குச் சொல்றேன்? நாலு அப்பு அப்பியிருப்பேன். மரியாதையா நடந்துக்கறாடி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுக்கு சந்தோஷப்படேன்க்கா."

"சிரிக்காத. நேத்து சாயங்காலம் வந்து வாசல்ல நிக்கறா. உள்ள வான்னு நான் சொன்ன அப்புறம்தான் வர்றா. சோறு போட்டா, 'போதும்ங்க, ரொம்ப நன்றி'ங்கறா. எழுந்து போறப்போ என்னைப் பார்த்து, 'நீங்க சாப்பிட்டீங்களா மேடம்?'னு கேக்கறாடி. பெத்தவளைப் பார்த்து!" அக்காவின் குரல் உடைந்தது. "எதாச்சும் பண்ணு. நீதானே கூட்டிட்டுப் போன."

அக்கா அழுது நான் கேட்டதே இல்லை.

மறுநாள் அவளுடைய நாட்குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லாவற்றிலும் என் டிக் இருந்தது. ஆனால் ஒன்றைக்கூட நான் படித்திருக்கவில்லை. நம் வீட்டுப் பெண் எழுதியதுதானே என்ற அலட்சியம்.

முதல் வாரம்: 'அறை பூட்டியிருந்தது. படியில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சித்தி இதைப் படிப்பாள் என்று தோன்றவில்லை.' இரண்டாம் வாரம்: 'இன்றும் பூட்டு. கதவில் தூசி. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், உள்ளே நாற்காலிகூட இல்லை.' மூன்றாம் வாரம், அதாவது நான் மேசையில் உட்கார்ந்து எழுதிய அதே புதன்கிழமை: 'கதவு திறந்திருந்தது. பொறுப்பாளர் இருந்தார். ஸ்வெட்டரில் ஊக்கு. டீ கொடுத்தார். கெட்டிலுக்கு மூடி இல்லை, சாசரைக் கவிழ்த்திருந்தார்.'

என் அறிக்கையின் நகலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அடுத்தடுத்த வாரங்களைப் புரட்டினேன். பொறுப்பாளர் என்று எழுதியிருந்தவள் ஆறாம் வாரத்தில் 'அம்மா' என்று எழுதியிருந்தாள். எட்டாம் வாரத்தில் ஒரே வரிதான். 'புதன் தவிர மற்ற நாட்களில் வேறொரு வீட்டில் தங்கியிருக்கிறேன். அவர்கள் நல்லவர்கள்.'

அந்த உதவி அறையை நடத்தும் சங்கத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் பாவம், குழம்பிப்போனார்.

"அந்த ரூமை மூடி ஆறு மாசம் ஆச்சுங்களே. மெயில் அனுப்பினோமே. நீங்க பாக்கலையா?"

பார்க்கவில்லை. இப்போது தேடினால், இருந்தது.

அடுத்த புதன்கிழமை மத்தியானம் இரண்டு பேருந்து மாறிப் போனேன். தெரு முழுக்கச் சேறு. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சைக்கிள் ரிப்பேர் கடைக்காரர், "மேல யாரும் இல்லையேம்மா, எல்லாம் காலி" என்றார். இருந்தாலும் ஏறினேன். மூன்றாம் மாடிக்குப் போவதற்குள் கால் கெஞ்சியது. கதவு திறந்திருந்தது. உள்ளிருந்து கெட்டில் கொதிக்கும் சத்தம் வந்தது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். கைக் கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாகப் பத்து நிமிடம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் எழுதாத எதுவும் அந்த அறையில் இல்லை. விளக்கு இல்லை, காலண்டர் இல்லை, சுவருக்கு நிறம்கூட இன்னதென்று சொல்ல முடியவில்லை. மேசை எதுவும் இல்லாததால் என் அக்கா மகள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கும்பிட்டாள்.

"வாங்க மேடம். அம்மா, காலேஜ்ல இருந்து வந்திருக்காங்க."

பிறந்த அன்றைக்குக் கையில் வாங்கிய பிள்ளை.

ஊக்கு குத்திய அந்த அம்மா சாசரை எடுத்துக் கீழே வைத்தார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"வந்துட்டீங்களா. ஒரு தடவையாவது வருவீங்கன்னு இருந்தேன்."

"இவளை நான் கூட்டிட்டுப் போகணும்" என்றேன். எடுத்த எடுப்பிலேயே இப்படித்தான் வந்தது.

"உக்காருங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எனக்குச் சொந்தம்னு யாருமே இல்லன்னு எழுதிட்டீங்களே, ஏன்?"

"அது... படிக்கறவங்க மனசைத் தொடணும்னு."

"யார் மனசை?"

"எங்க துறைத் தலைவர் மனசை."

"ஒரு தங்கச்சி இருக்கான்னு எழுதியிருக்கலாம்" என்றார். "எப்பவாச்சும் சண்டை போடுவான்னு எழுதியிருக்கலாம். ஒரு வரிதானே? யாருமே இல்லன்னும் எழுதினீங்க, இந்தப் பொண்ணு வீட்டுப் பிள்ளையா ஆயிட்டான்னும் எழுதினீங்க. நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க? எனக்கு இருக்கறது இவ ஒருத்திதான்."

பையிலிருந்து அறிக்கையை எடுத்தேன். "தப்பு என்னோடது. இதைக் கிழிச்சுப் போட்டுடறேன்."

அந்த அம்மா பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். கை தானாக ஊக்கைப் பிடித்துக்கொண்டது.

"கிழிச்சா? நான் எங்க போவேன்?"

வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்டவர்கள் இதே கேள்வியைக் கேட்டு எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வகுப்பில் அதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுவேன். இப்போது காலி செய்யச் சொல்கிறவள் நானாக இருந்தேன். தாளை மடியில் வைத்துவிட்டு அழுதேன். அவர் டீ ஊற்றிக் கொடுத்தார். அதில் சூடு இருந்தது, சுவை இல்லை. சுவையைப் பற்றி நான் எழுதவில்லை.

"கிழிக்க வேண்டாம். சேர்த்து எழுதுங்க" என்றார் கொஞ்சம் கழித்து. "இவ போகட்டும். ஆனா என்னைத் தனியா விட்டுடாதீங்க."

அறிக்கையின் அடியில் எழுதினேன். 'மாணவி பணியை நல்லபடியாக முடித்து, தன் தாயிடம் வீடு திரும்பினார். இனி ஒருங்கிணைப்பாளர் வாரந்தோறும் இங்கே வருவார்.' கையெழுத்துப் போட்டு, நேரத்தையும் குறித்தேன்.

"ஐயே, சித்தி!" என்று தரையிலிருந்து ஒரு குரல். "செருப்போடயா உள்ள வந்த? எவ்ளோ சேறு பாரு. எனக்குப் பசிக்குது, வா போலாம்."

அந்த வார்த்தைகளைக் கேட்டு நான் அடைந்த சந்தோஷம் எனக்குத்தான் தெரியும். அன்று ஆறு மணிக்கு அக்கா போன் செய்து, மகள் தட்டைக் கழுவாமல் போட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று ஆனந்தமாகத் திட்டினாள். எனக்கும் பங்கு கிடைத்தது.

நான் வாக்குத் தவறவில்லை. ஒவ்வொரு புதனும் போனேன். போகும்போது அறிக்கையில் ஒவ்வொரு வரி சேர்த்தேன். அறைக்கு ஒரு மேசை, ஒரு விளக்கு, டீக்குச் சுவை. மனு எழுத ஆட்கள் வருகிறார்கள் என்று எழுதினேன், வந்தார்கள். தங்கை இருக்கிறாள் என்றும் எழுதிப் பார்த்தேன். அது மட்டும் பலிக்கவில்லை. சொந்தத்தை வெறும் தாளிலிருந்து கொண்டுவர முடியாது போலிருக்கிறது, இருக்கிற ஆளைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அதை அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அந்த அம்மாவை எனக்குப் பிடித்துப் போயிருந்தது.

பருவத்தின் கடைசிப் புதன். மூன்றரைக்கு நான் போனபோது அவர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"எல்லா இடத்துக்கும் ஏதோ படிவம் குடுத்தீங்களாமே, உங்களைப் பத்தி எழுத. எனக்கு வரலையே?"

ஐயோ, ஆமாம் என்று பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அது என் படிவம் அல்லவா? அவர் புது மேசையில், புது விளக்கின் கீழ் உட்கார்ந்து, நிதானமாக எழுதினார். ஆட்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். எழுதி முடித்து, கையெழுத்தும் போட்டு, என்னிடம் நீட்டினார்.

"பொய் எதுவும் எழுதல. பாத்ததைத்தான் எழுதியிருக்கேன்."

உண்மைதான். நான் முழங்கால் வலியோடு படியேறுவதை எழுதியிருந்தார். டீயை ஊதி ஊதிக் குடிப்பதை எழுதியிருந்தார். மனு எழுத வந்தவர் அழுதால் நானும் சேர்ந்து அழுவதை எழுதியிருந்தார். என்னைப் பற்றி அவ்வளவு அன்பாக யாரும் எழுதியதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசி வரிக்கு வந்தேன்.

'ஒருங்கிணைப்பாளர் இங்கே எங்கள் வீட்டு மனுஷியாகவே ஆகிவிட்டார்.'

"கடைசியில அப்படித்தானே எழுதணும்? நீங்க எழுதினதைப் பாத்துதான் எழுதினேன்" என்றார்.

சுவரில் கடிகாரம் ஆறு காட்டியது. அப்படியானால் ஆறு பத்து. என் போன் மேசை மேல் அமைதியாகக் கிடந்தது. இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அக்கா பத்து நிமிடம் தாமதித்ததில்லை.

நானே கூப்பிட்டேன். நான்கு முறை மணி அடித்த பிறகு எடுத்தாள்.

"அக்கா, நான்தான்."

யாரென்று யோசிப்பவர்கள் விடும் மூச்சு மட்டும் கேட்டது.

"ஓ, பொண்ணோட காலேஜ்ல இருந்துதானே? சொல்லுங்க மேடம். இவ ஏதாவது தப்பு பண்ணிட்டாளா?"

"அக்கா, விளையாடாத. திட்டுக்கா. ஏதாவது திட்டு."

"ஐயோ, உங்களை நான் ஏங்க திட்டப் போறேன்?" என்றாள், அவ்வளவு மரியாதையாக. "குரல் ஒரு மாதிரி இருக்கே. சாப்பிட்டீங்களா மேடம்?"

என் பின்னால் கெட்டில் கொதிக்க ஆரம்பித்தது. அந்த அம்மா சாசரை எடுத்துக் கீழே வைத்தார்.

"வந்து உக்காருடி" என்றார். "எவ்ளோ நேரம் நின்னுட்டே பேசுவ? மாத்திரை போட்டியா இல்லையா?"