இரண்டாவது அடுப்பு

புது அடுப்பு வீட்டுக்குள் வந்த நாளிலிருந்தே ஹம்சாவுக்கு மனசு சரியில்லை. பழையது நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. கேட்டதற்கு, "ஆஃபர்ல போட்டான்" என்றான் புருஷன் நாகராஜ். ஆட்டோவுக்கு டயர் மாற்றவே நாலு மாதம் யோசிக்கிற மனிதன்!

சாந்தோம் கடலோரத்தில், சிமெண்டு பெயர்ந்து கம்பி தெரியும் அவர்களுடைய குடியிருப்பை இடித்து, அதே இடத்தில் புதிதாகக் கட்டித் தரப்போகிறார்களாம். அந்த 'அதே இடத்தில்' என்பதை ஹம்சா நம்பவில்லை. எதிர்வீட்டு அமீனா பீ வேறு புதிதாக ஒன்று சொன்னாள்.

"கணக்கெடுக்க வராங்கடி. தனி அடுப்பு கீதுன்னா தனிக் குடும்பமாம், தனி வூடாம்."

இங்கே இருப்பதே புருஷனும் பெண்டாட்டியும்தான். அப்படியானால் இரண்டாவது அடுப்பு யாருக்கு?

சனிக்கிழமை காலை, கையில் டேப்லெட்டோடு ஓர் அதிகாரி அம்மாள் வந்தாள்.

"இங்க எத்தனை குடும்பம்?"

"ரெண்டு மேடம்" என்றான் நாகராஜ். "நான் ஒண்ணு, அது ஒண்ணு. ஒரு வருசமா பேச்சுவார்த்தையே இல்ல. தனித்தனியா பொங்கித் துன்னுக்கினு கீறோம்."

ஹம்சா கரண்டியோடு திரும்பி அவனைப் பார்த்தாள்.

அதிகாரி குனிந்து புது அடுப்பைப் பார்த்தாள். கடை ஸ்டிக்கரைக்கூடக் கிழிக்கவில்லை. "கேஸ் ட்யூப் எங்கங்க?"

ட்யூப் வாங்க மறந்திருந்தான் அந்தப் புத்திசாலி.

அதிகாரி ஹம்சாவிடம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கம்மா. பொய்னு தெரிஞ்சா லிஸ்ட்லேர்ந்து பேரே போயிடும். பிரிஞ்சா இருக்கீங்க?"

வீட்டுக்காகச் சொன்ன பொய்தான். ஆனாலும் எத்தனை சரளமாக வந்தது! எத்தனை நாள் சொல்லிப் பார்த்திருப்பான்?

"ஒரே குடும்பம்தான் மேடம். நேத்து ராவு என் தட்டுலேர்ந்து மீனை எடுத்துத் துன்னுச்சு இது."

அதிகாரி சிரித்துக்கொண்டே ஒன்று என்று பதிந்தாள். ஹம்சா விடவில்லை. "'அதே இடத்துல'ன்னு எங்க எழுதிக்கீது?"

"அதெல்லாம் அப்புறம் வரும்மா." அவள் அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிட்டாள்.

"கெடுத்தியே! ரெண்டு வூடு வந்திருக்கும்" என்று பல்லைக் கடித்தான் நாகராஜ்.

"வந்திருந்தா, நீ எதுல இருந்திருப்ப?"

மீசையைத் தடவினான். "உன்னோடதுலதான். இன்னா கேள்வி இது?"

பதில் சரிதான். வரத்தான் கொஞ்சம் நேரமாயிற்று.

ஹம்சா அடுப்பைத் திரும்ப அட்டைப்பெட்டிக்குள் வைத்துக் கட்டினாள்.

"வண்டிய எடு. திருப்பிக் குடுக்க நானும் கடைக்கு வரேன்."