கண்ணாடிக் கடைக்காரரின் இரண்டு மகள்கள்

"ஒரு வருஷமாத் தெரிஞ்சும் வாயைத் தைச்சு வச்சிருந்தியாக்கா?"

"கத்தாதடி, கடையில ஆள் இருக்கு!"

"இருக்கட்டும். நல்லாக் காது குளிரக் கேக்கட்டும்!"

ஆள் இருக்கத்தான் செய்தது. மூக்குக்கண்ணாடி வாங்க வந்தவர்கள் வாங்கி முடித்தும் நகராமல், அதைத் துடைத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டுச் சண்டை என்றால் தெருவுக்கே பார்வை தெளிந்துவிடும்.

விஷயம் இதுதான். பெரியவளின் மகள் புது முகம் கண்டால் திரைக்குப் பின்னால் ஒளிவாள். கூட்டல் கழித்தல் அவள் தலையில் நின்றதே இல்லை. 'செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டா' என்று சொல்லாத வாய் கிடையாது. போன வருஷம் ஒரு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, ஃப்ராஜைல் எக்ஸ் என்றார். ஒரு மரபணுவில் ஒரு பகுதி அளவுக்கு மீறி நீண்டுவிட்டதாம். தாயிடமும் அது கொஞ்சம் நீண்டிருந்தது. அவளிடமிருந்து மகளுக்குப் போகும்போது இன்னும் நீண்டுவிட்டது.

"தங்கச்சியையும் வரச் சொல்லுங்கம்மா. இதைச் சுமக்கிற பொண்ணுங்க சில பேருக்குக் கருமுட்டை சீக்கிரமே தீந்துடும்" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பெரியவள் மூச்சு விடவில்லை. சின்னவளுக்கு லிஃப்ட் மெக்கானிக்கைப் பேசி முடித்திருந்த நேரம் அது; கல்யாணம் இன்னும் தள்ளிக்கொண்டே போகிறது. இப்போது முப்பத்திரண்டு வயதில் மாதவிலக்கு இஷ்டத்துக்கு வருவதும் நிற்பதுமாக ஆனதும், சின்னவள் தானாகவே அந்த டாக்டரிடம் போய் நின்றாள். மிச்சம் கொஞ்சம்தான், தள்ளிப்போட நேரமில்லை, போன வருஷமே அக்காவிடம் சொன்னேனே என்று சொல்லிவிட்டார்.

"கல்யாணம் நின்னுடுமோன்னு பயந்துட்டேன்டி."

"கல்யாணம் நின்னா வேற ஒருத்தன் வருவான். முட்டை வருமா?"

பெரியவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தானா அப்பா வாயைத் திறக்க வேண்டும்?

"எல்லாம் உங்கம்மா வம்சம். இவ அண்ணனுக்கு ஒண்ணும் ஒண்ணும் எத்தனைன்னே தெரியாது."

"எங்கண்ணனை விடவே மாட்டீங்களா?" என்று அம்மா சமையலறையிலிருந்தே சீறினாள்.

சின்னவள் அப்பாவின் கையைப் பார்த்தாள். ஒரு திருகை ஃபிரேமில் ஏற்றப் பார்த்து, கை நடுங்கி நடுங்கி மூன்றாவது தடவையாக அதைக் கீழே விட்டிருந்தார்.

"அப்பாவுக்குக் கை நடுங்குதான்னுதான்பா டாக்டர் முதல்ல கேட்டார். இதைச் சுமக்கிற ஆம்பளைங்க சில பேருக்கு வயசான பிறகு இப்படி வருமாம். அப்பாகிட்ட இருந்தா அத்தனை பொண்ணுங்களுக்கும் வந்துடுமாம்."

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேருக்கும் வஞ்சகமில்லாமத்தான் குடுத்திருக்கேன் போல" என்றார், குரல் இறங்கி.

அம்மாதான் முதலில் சிரித்தாள். முப்பத்தைந்து வருஷத்துப் பழி இறங்கிய சிரிப்பு.

சின்னவள் சிரிக்கவில்லை. மெக்கானிக்கை வரச் சொன்னாள். கையில் கிரீஸ் போகாமலேயே வந்து நின்றவரிடம், வேடிக்கை பார்ப்பவர்களைப் பொருட்படுத்தாமல், எல்லாவற்றையும் சொன்னாள். "பிள்ளை பிறக்காமலே போகலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் ரொம்ப நேரம் கையைத் துடைத்தார். "டாக்டர் எத்தனை மணி வரைக்கும் இருப்பார்?"

"ஏழு."

"அப்புறம் ஏன் இங்க நின்னு பேசிட்டிருக்கோம்?"

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பெரியவள்தான் முதலில் தெருவில் இறங்கினாள்.

கிடைத்த முட்டைகள் இரண்டு. அவற்றை உறையவைத்துவிட்டு, அடுத்த மாதமே கல்யாணம். மாப்பிள்ளையும் பெண்ணும் அந்த மருத்துவமனை இருக்கும் ஊருக்கே குடிபோய்விட்டார்கள். பெரியவள் இங்கேதான் இருக்கிறாள். வெள்ளிக்கிழமையானால் மகளைக் கூட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுகிறாள்.