இடது காலில் நின்ற ஆறு பேர்

எட்டு மாதமாகத் தில்ஷாத்துக்கு இடுப்பில் வலி. மூக்கண்டப்பள்ளியில் மின்விசிறிக்குத் தகடு வெட்டும் சின்னக் கம்பெனியில் அவள் கால் பிரஸ் ஓட்டினாள். இடுப்பு வலி என்று சொன்ன இடத்திலெல்லாம் முதுகுக்குத்தான் ஊசி போட்டார்கள், முதுகில்தான் தைலம் தேய்த்தார்கள். வலி அசையவில்லை.

1991 ஆடியில் ஓசூருக்குப் புதிதாக ஓர் எலும்பு டாக்டரம்மா வந்தார். "எங்க வலிக்குதுன்னு ஒரே விரலால தொட்டுக் காட்டுங்க" என்றார்.

தில்ஷாத் முதுகைத் தொடவில்லை. இடது தொடைக்கு மேலே, பக்கவாட்டில் துருத்தி நிற்கும் எலும்பைத் தொட்டாள். டாக்டர் அதே இடத்தை அழுத்தியதும் "யா அல்லா!" என்று கத்திவிட்டாள்.

"இது முதுகே இல்லம்மா. எக்ஸ்ரேல மூட்டும் நல்லாருக்கு. இந்த எலும்புல வந்து சேர்ற தசைநார்தான் நொந்து போயிருக்கு. என்ன வேலை பாக்குறீங்க?"

"கால் பிரஸ்ஸுங்க. வலது காலால பெடலை மிதிக்கணும்."

"நின்னு காட்டுங்க."

தில்ஷாத் எழுந்து மிதித்துக் காட்டினாள். வலது கால் மேலும் கீழும் போனது. மொத்த உடம்பும் இடது காலில் நின்றது. பாதியிலேயே அவள் நிறுத்திவிட்டாள்.

"டாக்டரம்மா! எங்க லைன்ல என்னோட சேத்து ஆறு பேருக்கு வலிங்க. ஆறு பேருக்கும் இடது பக்கம்தான்!"

டாக்டர் பேனாவை மேசையில் வைத்தார். "ஆறு பேரையும் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் காலை, சைரன் ஊதுமுன் தில்ஷாத் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினாள். "ஒரே விரலு. தொடுங்கடி!"

சம்பங்கி தொட்டாள். அதே எலும்பு. அடுத்தவளும் அதே எலும்பு. ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக் கூச்சல் போட்டார்கள். மாதம்மாள் மட்டும் முன்பக்கம், தொடையிடுக்கில் விரலை வைத்தாள். அவள் சிரிக்கவில்லை.

சத்தம் கேட்டு சூப்பர்வைசர் செல்வம் வந்தார். "என்னாம்மா இது, சந்தையா?"

"சார், பத்து நிமிசம் என் மிசின்ல நில்லுங்க. அதுக்கப்புறம் திட்டுங்க."

செல்வம் வீம்புக்கு நின்றார். நாலாவது நிமிடம் கால் மாற்றப் பார்த்தார். பெடல் வலது காலுக்கு நேராக மட்டுமே இருந்ததால் முடியவில்லை. ஏழாவது நிமிடம் மிசினைப் பிடித்துக்கொண்டார். சம்பங்கி வாயைப் பொத்திக்கொண்டாள். எட்டாவது நிமிடம் அவரே விலகி, "ஃபிட்டர் கங்கப்பனைக் கூப்பிடுங்க" என்றார்.

கங்கப்பன் பெடலுக்குக் குறுக்கே நீளக் கம்பி ஒன்றை வெல்டு வைத்தார். இனி எந்தக் காலாலும் மிதிக்கலாம். நிற்கும் இடத்தில், பெடல் உயரத்துக்குப் பலகை போட்டார். மணிக்கொரு தடவை காலை மாற்றிக்கொண்டார்கள். ஆறு பேரும் டாக்டரம்மாவிடம் போய்க் காட்டினார்கள். அவர் சொன்னபடி, வலிக்கிற பக்கம் படுக்காமல், முழங்காலுக்கு இடையில் தலையணை வைத்துத் தூங்கினார்கள். சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் அறையில் சாக்கை விரித்து ஒருக்களித்துப் படுத்து, மேல் காலை மெதுவாகத் தூக்கி இறக்கினார்கள். "வேகம் கூடாதுடி, மெதுவா!" என்று தில்ஷாத் அதட்டுவாள். பத்து நாளில் வலி ஒன்றும் குறையவில்லை. தீபாவளி நெருங்கும்போதுதான் சம்பங்கி, "யக்கோவ், நேத்து நான் தைலமே தேய்க்கலை!" என்று குதித்தாள். தில்ஷாத்துக்கும் வலி பாதிக்கு மேல் குறைந்திருந்தது.

மாதம்மாள் கதை வேறு. டாக்டர் அவள் காலை உட்பக்கம் திருப்பியதுமே வலியில் அழுதாள். எக்ஸ்ரேயில் மூட்டே தேய்ந்திருந்தது. "இதுக்குப் பயிற்சி மட்டும் போதாது" என்று பெங்களூருக்கு எழுதிக் கொடுத்தார். ஆபரேஷன் என்றதும் மாதம்மாள் இரண்டு வாரம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. தில்ஷாத்தும் சம்பங்கியும் போய்ப் போய்ப் பேசி அனுப்பி வைத்தார்கள்.

மார்கழியில் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, மாதம்மாள் புதிய மூட்டோடு நடைச்சட்டத்தைப் பிடித்து வார்டு நடுவில் நின்றிருந்தாள். ஓரடி வைத்தாள். இன்னோரடி. நான்காவது அடியில் நர்ஸைப் பார்த்து, "நோடி சிஸ்டர், நோடி!" என்று கன்னடத்தில் கத்தினாள். பிறகு இவர்கள் பக்கம் திரும்பி, "நீங்களும் பாருங்கடி!" என்றாள்.